புரொசீஜர் ஒரு டேட்டாபேஸில், டேபிள் இன்னொன்றில்: தேவையான அனுமதியை மட்டும் கொடுப்பது எப்படி?

ஒரே எஸ்கியூஎல் சர்வரில் மூன்று டேட்டாபேஸ்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘விற்பனை’யில் கடைக் கணக்கு. ‘கிடங்கு’வில் சரக்கு விவரம். இரண்டுக்கும் பொதுவான ஸ்டோர்டு புரொசீஜர்கள் (சர்வரில் சேமித்துவைத்து, பெயர் சொல்லி ஓட்டும் கட்டளைத் தொகுப்புகள்) ‘பொது’ என்ற மூன்றாவதில். கடை ஊழியர் பொருளின் குறியீட்டைத் தட்டியதும், பொதுவில் உள்ள இருப்பு_காட்டு என்ற புரொசீஜர் ஓடி, கிடங்கில் உள்ள இருப்பு டேபிளைப் படித்து, கையில் எத்தனை உருப்படி என்று சொல்ல வேண்டும். அதே டேபிளில் கொள்முதல் விலையும் ஒரு பத்தியில் இருக்கிறது. அது ஊழியர் கண்ணில் படக் கூடாது.

முதல் தடவை ஓட்டினால் 916 என்ற பிழை வரும்: இந்த லாகினால் இப்போதைய பாதுகாப்புச் சூழலில் கிடங்கு டேட்டாபேஸுக்குள் போக முடியாது. அவசரத்தில் பலரும் செய்வது, கிடங்கில் ஊழியருக்கு ஒரு யூசரைப் போட்டு எல்லா டேபிளையும் படிக்க விடும் டிபி_டேட்டாரீடர் ரோலில் (அனுமதிகளின் தொகுப்பு) சேர்த்துவிடுவது. திரையில் எண்ணிக்கை வந்துவிடும். ஆனால் அந்த ஊழியர் எக்செல்லைத் திறந்து, அதே லாகினில் கிடங்கோடு இணைத்து, விலை உட்பட எல்லா டேபிளையும் இழுத்துப் பார்க்கவும் வழி திறந்துவிட்டது. புரொசீஜர் எழுதியதற்கே பொருளில்லாமல் போகிறது.

டேபிளைப் படிக்கும் அனுமதி புரொசீஜரோடு ஒட்டியிருக்க வேண்டும், ஊழியரோடு ஒட்டக் கூடாது. ஊழியருக்கு வேண்டியது புரொசீஜரை ஓட்டும் அனுமதி மட்டும்தான். எஸ்கியூஎல் சர்வர் 2005-இல் இருந்தே இதற்கான வழி இருக்கிறது. புரொசீஜரில் சான்றிதழால் கையொப்பமிட்டு, அந்தச் சான்றிதழுக்கு அனுமதி கொடுப்பதுதான் அது.

கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். எடிட்டரில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

சர்வர் எதையெல்லாம் பார்க்கிறது

லாகின் என்பது சர்வரின் வாசல். யூசர் என்பது ஒவ்வொரு டேட்டாபேஸின் வாசல். இரண்டையும் இணைப்பது எஸ்ஐடி என்ற அடையாள எண். பெயர் ஒன்றாக இருந்தும் எஸ்ஐடி வேறாக இருந்தால் உள்ளே விடாது. பேக்கப்பை வேறு சர்வரில் ரிஸ்டோர் செய்தபின் எஸ்கியூஎல் லாகின்கள் தடுமாறுவது இதனால்தான். ‘ஆல்டர் யூசர் … வித் லாகின் = …’ என்று மறுபடி இணைத்தால் சரியாகும்.

பொதுவுக்குள் நுழைந்தபின் புரொசீஜரை ஓட்ட எக்சிக்யூட் அனுமதி வேண்டும். அதற்கென ஆயத்த ரோல் எதுவும் சர்வரில் இல்லை. டிபி_டேட்டாரீடர், டிபி_டேட்டாரைட்டர் இரண்டிலும் எக்சிக்யூட் கிடையாது. நாமே ஒரு ரோல் உருவாக்க வேண்டும்.

புரொசீஜருக்குள் நுழைந்ததும் உரிமைச் சங்கிலி என்ற விதி வேலை செய்கிறது. புரொசீஜரின் உரிமையாளரும் அது தொடும் டேபிளின் உரிமையாளரும் ஒருவரே என்றால், டேபிளின் மேல் அழைப்பவருக்கு அனுமதி உண்டா என்று சர்வர் பார்ப்பதே இல்லை. டினை (வெளிப்படையான தடை) போட்டிருந்தால்கூடப் பார்க்காது. ஒரே டேட்டாபேஸுக்குள் எல்லாமே டிபிஓ-வின் (டேட்டாபேஸின் உரிமையாளருக்கான யூசர்) பெயரில் இருக்கும்போது நமக்கு எந்தச் சிக்கலும் வராததற்கு இதுவே காரணம். இந்தச் சங்கிலி செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட், எக்சிக்யூட் ஆகியவற்றுக்கு மட்டும்தான். டிரங்கேட் டேபிள், ஐடென்டிட்டி_இன்சர்ட் போன்றவை ஆல்டர் அனுமதி கேட்பவை. சங்கிலி அவற்றைக் காப்பாற்றாது. டைனமிக் எஸ்கியூஎல்லிலும் (ஓடும் நேரத்தில் சரமாகக் கட்டி ஓட்டும் கட்டளை) சங்கிலி அறுந்துவிடும்.

டேட்டாபேஸ் எல்லையைத் தாண்டும்போதும் சங்கிலி அறுகிறது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு சுவிட்சுகள், தொடாமல் இருப்பது நல்லது

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் விடை டிபி_செயினிங். இரண்டு டேட்டாபேஸிலும் அதை ஆன் செய்தால் உரிமைச் சங்கிலி எல்லை தாண்டியும் ஓடும். எஸ்கியூஎல் சர்வர் 2000-இன் மூன்றாம் சர்வீஸ் பேக்கில் வந்தது இது. சர்வர் முழுவதற்குமான சுவிட்ச் ஒன்றும் உண்டு; அது இயல்பில் அணைந்தே இருக்கும், அணைந்தே இருக்கட்டும். டிபி_செயினிங் ஆன் செய்தும் ஓடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இரண்டு டேட்டாபேஸுக்கும் உரிமையாளர் வெவ்வேறு லாகினாக இருக்கும், அல்லது அழைப்பவருக்குக் கிடங்கில் யூசரே இருக்காது. சங்கிலி டேபிள் அனுமதியைத்தான் தாண்டும், டேட்டாபேஸின் வாசலைத் தாண்டாது. அதற்காகக் கிடங்கில் கெஸ்ட் யூசரைத் திறந்துவிடும் ஆலோசனையும் புழக்கத்தில் இருக்கிறது. அதைச் செய்தால் சர்வரில் லாகின் உள்ள எல்லாரும் கிடங்கின் கூடத்தில் நிற்பார்கள்.

இதன் உண்மையான விலை வேறு இடத்தில். பொதுவில் டிபிஓ ஸ்கீமாவுக்குள் (ஸ்கீமா என்பது டேபிள், புரொசீஜர்களைத் தொகுத்துவைக்கும் உட்பிரிவு) புரொசீஜர் எழுத முடிந்த எவரும், கிடங்குக்குள் கால் வைக்க அனுமதி இருந்தால் போதும், அங்குள்ள டிபிஓ டேபிள் எதையும் படிக்கலாம், திருத்தலாம். கிடங்கின் நிர்வாகிக்கு இது தெரியக்கூட வராது. ஒரே மென்பொருளை வசதிக்காக இரண்டு டேட்டாபேஸாகப் பிரித்திருக்கிறீர்கள், இரண்டையும் அதே ஆட்கள்தான் நிர்வகிக்கிறார்கள் என்றால் டிபி_செயினிங்கை ஏற்கலாம். மற்ற இடங்களில் வேண்டாம்.

இரண்டாவது சுவிட்சான டிரஸ்ட்வொர்தி (இந்த டேட்டாபேஸை நம்பலாம் என்று சர்வருக்குச் சொல்வது) இதைவிட மோசம். புரொசீஜரை ‘வித் எக்சிக்யூட் ஆஸ் ஓனர்’ என்று எழுதி, பொதுவில் டிரஸ்ட்வொர்தியை ஆன் செய்தால் வேலை நடக்கும். ஆனால் பொதுவின் உரிமையாளர் சர்வரின் தலைமை லாகினான எஸ்ஏ என்றால் (பெரும்பாலான இடங்களில் அப்படித்தான்), பொதுவில் டிபி_ஓனராக இருக்கும் ஒருவர் நாலு வரிப் புரொசீஜர் எழுதி முழுச் சர்வருக்கும் சிஸ்அட்மின் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி) ஆகிவிடலாம். இது கற்பனை அபாயம் இல்லை. பாதுகாப்புத் தணிக்கையில் முதலில் தேடும் ஓட்டைகளில் ஒன்று. அத்தோடு எக்சிக்யூட் ஆஸ் போட்டால் யூசர்_நேம், சிஸ்டம்_யூசர் எல்லாம் மாறிப்போகும். தணிக்கை டேபிளில் எல்லா வரிகளும் ஒரே பெயரில் விழும். ஒரிஜினல்_லாகின் மட்டுமே உண்மைப் பெயரைச் சொல்லும்.

பொதுவில்: ரோலும் ஸ்கீமாவும்

பகிரப்படும் புரொசீஜர்களை டிபிஓ ஸ்கீமாவில் போட்டுக் குவிக்காமல் ‘பகிர்வு’ என்று தனி ஸ்கீமா வையுங்கள். அதன் உரிமையாளர் டிபிஓ-வாக இருக்கட்டும். பிறகு:

கிரியேட் ரோல் பகிர்வு_இயக்குவோர்;
கிராண்ட் எக்சிக்யூட் ஆன் ஸ்கீமா::பகிர்வு டு பகிர்வு_இயக்குவோர்;
ஆல்டர் ரோல் பகிர்வு_இயக்குவோர் ஆட் மெம்பர் கடை_ஊழியர்கள்;

‘ஆட் மெம்பர்’ என்ற வடிவம் 2012-இல் இருந்து. கடை_ஊழியர்கள் என்பது விண்டோஸ் குழுவுக்குப் போட்ட யூசராக இருந்தால், ஆள் சேர்வதையும் போவதையும் டொமைன் நிர்வாகியே பார்த்துக்கொள்வார்.

ஸ்கீமா மட்டத்தில் கொடுப்பதில் ஒரு லாபம். புரொசீஜரை டிராப் செய்து மறுபடி கிரியேட் செய்தால் அதன்மேல் தனியாகக் கொடுத்த அனுமதி போய்விடும். ஸ்கீமாவின் அனுமதி போகாது. கூடவே ஒரு எச்சரிக்கை. நாளைக்கு இந்த ஸ்கீமாவில் யார் எதைப் போட்டாலும் அது இதே ரோலுக்குத் தானாகத் திறக்கும். எனவே எல்லாருக்கும் பொதுவல்லாத புரொசீஜருக்கு வேறு ஸ்கீமா, அல்லது அந்த ஒன்றின்மேல் மட்டும் கிராண்ட். இந்த ஸ்கீமாவில் ஆல்டர் அனுமதி யாருக்கு இருக்கிறது என்றும் பாருங்கள். டிபிஓ-வின் ஸ்கீமாவில் புரொசீஜர் எழுத முடிந்தவருக்கு, சங்கிலி வழியே பொதுவில் உள்ள எல்லா டிபிஓ டேபிளும் கைக்கு எட்டும்.

பப்ளிக் ரோலுக்கு எதையும் கொடுக்காதீர்கள். வியூ டெஃபினிஷனும் தேவையில்லை. எக்சிக்யூட் இருந்தால் புரொசீஜரின் பெயர் தெரியும், உள்ளிருக்கும் குறிமுறை தெரியாது.

புரொசீஜர் டேபிள் வகை அளவுருவை வாங்கினால், அந்த டைப்பின் மேலும் எக்சிக்யூட் வேண்டும். டைப் அதே ஸ்கீமாவில் இருந்தால் மேலே கொடுத்ததே போதும். ஆனால் டேபிள் டைப் டேட்டாபேஸ் எல்லையைத் தாண்டாது. விற்பனையில் அறிவித்த டைப்பின் மாறியைப் பொதுவில் உள்ள புரொசீஜருக்கு அனுப்ப முடியாது. பத்திகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும் வகை மோதல் என்று பிழை வரும். அந்த இடத்தில் தற்காலிக டேபிளோ ஜேசன் சரமோதான் வழி.

பொதுப் புரொசீஜர்களை மாஸ்டர் என்ற சிஸ்டம் டேட்டாபேஸில் எஸ்பி_ என்ற முன்னொட்டோடு போட்டால் எங்கிருந்தும் கூப்பிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கூப்பிடலாம்தான். ஆனால் உள்ளே இருக்கும் சாதாரண டேபிள் பெயர்கள் மாஸ்டரிலேயே தேடப்படும். அதை மாற்ற ஆவணப்படுத்தாத உள் புரொசீஜர் ஒன்றை நம்ப வேண்டியிருக்கும். நிர்வாகக் கருவிகளுக்கு அது சரி, வணிகக் குறிமுறைக்குச் சரிவராது.

சான்றிதழும் கையொப்பமும்

வேலை நான்கு பகுதி: பொதுவில் சான்றிதழ், அதனால் கையொப்பம், சான்றிதழின் பொதுச் சாவியைக் (பப்ளிக் கீ, கையொப்பத்தைச் சரிபார்ப்பது) கிடங்குக்குக் கொண்டுபோவது, அங்கே அதற்கு ஒரு யூசரும் அனுமதியும்.

பொதுவில்:

கிரியேட் சர்டிபிகேட் கிடங்கு_வாசிப்பு
என்கிரிப்ஷன் பை பாஸ்வேர்டு = ‘நீளமான, தற்செயலான சரம்’
வித் சப்ஜெக்ட் = ‘இருப்பு எண்ணிக்கை படிக்க’, எக்ஸ்பைரி_டேட் = ‘20991231’;

பாஸ்வேர்டு வரியை விட்டுவிட்டால், கையொப்பமிடும் தனிச்சாவி (பிரைவேட் கீ) டேட்டாபேஸ் மாஸ்டர் கீயால் பூட்டப்படும். அதன்பின் பொதுவில் டிபி_ஓனராக உள்ள எவரும் பாஸ்வேர்டு இல்லாமலே தம் புரொசீஜரில் கையொப்பமிட்டுக் கிடங்குக்குள் போகலாம். இந்த முறையின் பலம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. காலாவதித் தேதி கொடுக்காவிட்டால் ஒரு வருடம் என்று சர்வரே வைத்துக்கொள்ளும். வருடாவருடம் யாரோ ஒருவர் காலாவதியான சான்றிதழ் என்று டிக்கெட் போடாமலிருக்க, தள்ளிப்போட்ட தேதியே நிம்மதி.

கையொப்பம்:

ஆட் சிக்னேச்சர் டு பகிர்வு.இருப்பு_காட்டு
பை சர்டிபிகேட் கிடங்கு_வாசிப்பு வித் பாஸ்வேர்டு = ‘அதே சரம்’;

அடுத்து, சான்றிதழைக் கொண்டுபோவது. 2012-க்கு முந்தைய பதிப்பில் பேக்கப் சர்டிபிகேட் கட்டளையால் கோப்பாக எழுதி மறுபுறம் கோப்பிலிருந்து உருவாக்க வேண்டும். அந்தக் கோப்புப் பாதை சர்வர் இயந்திரத்தின் பாதை, உங்கள் மடிக்கணினியின் பாதை அல்ல. எழுதுவதும் சர்வரின் சர்வீஸ் அக்கவுன்ட்தான், அதற்கு அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி வேண்டும். 2012-இல் இருந்து கோப்பே வேண்டாம். பொதுவில் ‘செலக்ட் சர்ட்என்கோடட்(சர்ட்_ஐடி(‘கிடங்கு_வாசிப்பு’))’ என்று ஓட்டினால் பொதுச் சாவி உட்பட சான்றிதழ் ஹெக்ஸ் வடிவில் வரும். தனிச்சாவி அதில் இருக்காது, இருக்கவும் கூடாது. அதை அப்படியே கிடங்கில் ஒட்டுங்கள்:

கிரியேட் சர்டிபிகேட் கிடங்கு_வாசிப்பு ஃப்ரம் பைனரி = 0எக்ஸ்…;

இங்கே மாறி எதையும் கொடுக்க முடியாது, நேரடி மதிப்புதான் ஏற்கும். ஸ்கிரிப்டில் தானாக நடக்க வேண்டுமென்றால் கன்வர்ட் ஃபங்ஷனில் ஸ்டைல் 1 கொடுத்து ஹெக்ஸ் சரமாக்கி, கட்டளையை டைனமிக் எஸ்கியூஎல்லாகக் கட்டி ஓட்டுங்கள். ஸ்டைல் எண்ணை விட்டுவிட்டால் ஹெக்ஸ் வராது, குப்பை எழுத்துகள் வரும்.

இனி கிடங்கில்:

கிரியேட் யூசர் கிடங்கு_வாசிப்பு_யூசர் ஃப்ரம் சர்டிபிகேட் கிடங்கு_வாசிப்பு;
கிராண்ட் செலக்ட் ஆன் டிபிஓ.இருப்பு (பொருள்_குறி, எண்ணிக்கை) டு கிடங்கு_வாசிப்பு_யூசர்;

இந்த யூசரால் யாரும் லாகின் செய்ய முடியாது. கையொப்பமிட்ட புரொசீஜர் ஓடும் நேரம் மட்டும், அழைத்தவரின் அனுமதிகளோடு இந்த யூசரின் அனுமதிகளும் சேர்ந்துகொள்கின்றன. புரொசீஜர் முடிந்ததும் விலகிவிடுகின்றன. கிடங்கின் வாசலையும் இந்த யூசரே திறந்துவிடுகிறது, ஊழியருக்கு அங்கே யூசர் வேண்டாம். அழைத்தவர் யார் என்பதும் மாறுவதில்லை, தணிக்கை டேபிளில் அவருடைய பெயரே விழும்.

பத்தி அளவில் அனுமதி கொடுத்திருப்பதால் கொள்முதல் விலையைப் புரொசீஜரே படிக்க முடியாது. யாராவது பிற்பாடு அதில் ‘செலக்ட் *’ என்று எழுதினால் 230 (அந்தப் பத்திக்கு அனுமதி இல்லை) என்ற பிழை வரும். அது நல்ல பிழை.

எழுதும் புரொசீஜருக்கும் இதே வழிதான், ஆனால் தனிச் சான்றிதழ் போடுங்கள். இருப்பு_ஒதுக்கு என்ற புரொசீஜர் ஒதுக்கீடு பத்தியைத் திருத்தி, பதிவு டேபிளில் ஒரு வரி சேர்க்கிறது என்றால்: அந்தப் பத்தியில் மட்டும் அப்டேட், பதிவு டேபிளில் இன்சர்ட், கூடவே ‘வேர்’ என்ற தேடல் நிபந்தனையில் வரும் பத்திகளில் செலக்ட். அந்தக் கடைசியைத்தான் மறப்பார்கள். எதைத் திருத்துவது என்று தேட அந்தப் பத்தியைப் படித்தாக வேண்டும் அல்லவா? படிக்கவும் எழுதவும் ஒரே சான்றிதழைப் பயன்படுத்தினால், படிக்க மட்டும் வேண்டிய புரொசீஜருக்கும் எழுதும் அனுமதி ஒட்டிக்கொள்ளும்.

சிஸ்அட்மினாகச் சோதிக்காதீர்கள்

சிஸ்அட்மினுக்கு எந்த அனுமதிச் சோதனையும் நடப்பதில்லை. எனவே உங்கள் லாகினில் ஓடியது எதையும் நிரூபிக்காது. அழைப்பவரின் வேடத்தில் ஓட்டுங்கள்:

யூஸ் பொது;
எக்சிக்யூட் ஆஸ் லாகின் = ‘சோதனை_ஊழியர்’;
எக்சிக் பகிர்வு.இருப்பு_காட்டு …;
செலக்ட் எண்ணிக்கை ஃப்ரம் கிடங்கு.டிபிஓ.இருப்பு;
ரிவர்ட்;

மூன்றாம் வரி வெற்றி பெற வேண்டும், நான்காவது தோற்க வேண்டும். நான்காவதும் வெற்றி பெற்றால் அந்த லாகினுக்கு வேறு வழியில் அனுமதி கசிகிறது என்று பொருள்.

‘எக்சிக்யூட் ஆஸ் யூசர்’ வேண்டாம். அது போடும் வேடம் அந்த டேட்டாபேஸுக்குள் மட்டும் செல்லும், எல்லை தாண்டிய சோதனையில் அது காட்டும் விடையை நம்ப முடியாது. பல மணிநேரம் வீணாவது இங்கேதான். விண்டோஸ் குழுவின் பெயரிலும் வேடம் போட முடியாது, குழுவில் உள்ள ஒருவரின் லாகின் வேண்டும். ரிவர்ட்டை மறந்தால் அந்த ஜன்னலில் அடுத்து ஓட்டுவதெல்லாம் ஊழியரின் பெயரிலேயே ஓடும்.

அனுமதி எங்கிருந்து வருகிறது என்று சந்தேகம் வந்தால், புரொசீஜருக்குள் தற்காலிகமாக ‘செலக்ட் * ஃப்ரம் சிஸ்.யூசர்_டோக்கன்’ என்று எழுதிப் பாருங்கள். அந்த நேரத்தில் அந்த டேட்டாபேஸில் யார் யாருடைய அனுமதி சேர்ந்திருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். வரியைச் சேர்ப்பதற்கு முன் அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள்.

எங்கே உடையும், ஏன்

புரொசீஜரை ஆல்டர் செய்த உடனே கையொப்பம் உதிர்ந்துவிடும். ஒரு காற்புள்ளியை மாற்றினாலும்தான். ‘கிரியேட் ஆர் ஆல்டர்’ போட்டாலும் அதே. இது குறையில்லை, காவல். பொதுவின் டிபி_ஓனர் கையொப்பமிட்ட புரொசீஜரைத் திருத்தி விலையைப் படிக்கப் பார்த்தால், திருத்திய அந்தக் கணமே அனுமதி போய்விடுகிறது. டிபி_செயினிங்கால் தர முடியாத பாதுகாப்பு இதுதான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஒரு சிறு திருத்தத்தை ஏற்றிய பிறகு கடைகளெல்லாம் 916 என்று அழைப்பதற்கும் இதுவே காரணம். எவற்றில் கையொப்பம் இருக்கிறது என்பதை சிஸ்.கிரிப்ட்_புராப்பர்ட்டீஸ் வியூ சொல்லும். அதில் மேஜர்_ஐடி புரொசீஜரின் எண், தம்ப்பிரின்ட் சான்றிதழின் அடையாளம். சிஸ்.சர்டிபிகேட்ஸோடு தம்ப்பிரின்ட் வழியே சேர்த்தால் பெயரும் வரும்.

இரண்டு டேட்டாபேஸிலும் சான்றிதழின் பெயர் ஒன்றாக இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லையா? தம்ப்பிரின்ட்டை ஒப்பிடுங்கள். பெயரை சர்வர் பார்ப்பதே இல்லை. கிடங்கில் யாரோ அதே பெயரில் புதிதாக ஒரு சான்றிதழை உருவாக்கியிருந்தால் அது வேறு சாவி.

கையொப்பமிட்ட புரொசீஜர் உள்ளே இன்னொரு புரொசீஜரை அழைத்தால், அந்த உள் புரொசீஜருக்குச் சான்றிதழின் அனுமதி போகாது. ஸ்கேலர் ஃபங்ஷன், பல வரி டேபிள் ஃபங்ஷன், டிரிகர் எல்லாவற்றுக்கும் இதே விதி. எல்லை தாண்டுவது எந்த மாட்யூலோ அதிலும் கையொப்பம் வேண்டும். வியூவுக்குக் கையொப்பம் போட முடியாது, தேவையுமில்லை. புரொசீஜருக்குள் இருக்கும் டைனமிக் எஸ்கியூஎல் மட்டும் விதிவிலக்கு. அங்கே உரிமைச் சங்கிலி அறுந்தாலும் சான்றிதழின் அனுமதி தொடரும். இது வசதியும்தான், ஆபத்தும்தான். அளவுருவைச் சரத்தோடு நேராக ஒட்டி எழுதிய டைனமிக் எஸ்கியூஎல்லில் கையொப்பமிட்டால், உள்ளீட்டில் கட்டளையைத் திணித்து இன்ஜெக்ஷன் செய்பவருக்கும் அதே அனுமதி போய்ச் சேரும். எஸ்பி_எக்சிக்யூட்எஸ்கியூஎல்லும் அளவுருவும் இல்லாத எதிலும் கையொப்பமிடாதீர்கள்.

உள் புரொசீஜர் தனியாக அழைக்கப்பட்டால் அனுமதி கூடாது, வெளிப் புரொசீஜர் வழியாக வந்தால் மட்டும் வேண்டும் என்ற நிலை வரலாம். அதற்கு ‘ஆட் கவுன்டர் சிக்னேச்சர்’ இருக்கிறது. வெளியே உள்ளதில் முழுக் கையொப்பம், உள்ளே உள்ளதில் எதிர்க் கையொப்பம், இரண்டும் ஒரே சான்றிதழால்.

டினை விஷயத்தில் ஒரு வேறுபாடு. உரிமைச் சங்கிலியில் டினை பார்க்கப்படுவதில்லை என்றோம். சான்றிதழில் பார்க்கப்படும். அழைப்பவருக்கோ அவருடைய குழுவுக்கோ இருப்பு டேபிளின்மேல் டினை போட்டிருந்தால், சான்றிதழ் யூசரின் கிராண்டை அது வென்றுவிடும். கொடுக்காமல் விட்டாலே போதுமான இடத்தில் டினையைத் தூவிவைத்த சர்வர்களில் இது அடிக்கடி தலைகாட்டும்.

டேட்டாபேஸ் பெயரைப் புரொசீஜருக்குள் நேராக எழுதினால், சோதனைச் சூழலில் பெயர் ‘கிடங்கு_டெஸ்ட்’ ஆனதும் எல்லாம் விழும். பொதுவில் ஒரு சினானிமை (டேபிளுக்கு ஒரு மாற்றுப்பெயர்) வைத்துப் புரொசீஜர் அதையே குறிக்கட்டும். சூழலுக்கேற்பச் சினானிமை மாற்றினால் புரொசீஜரைத் தொட வேண்டாம், கையொப்பமும் தப்பும். எந்தப் புரொசீஜர் எந்த டேட்டாபேஸைத் தொடுகிறது என்ற பட்டியலை சிஸ்.எஸ்கியூஎல்_எக்ஸ்பிரஷன்_டிபென்டன்ஸீஸ் தரும். சினானிமுக்குப் பின்னால் இருக்கும் டேட்டாபேஸும் டைனமிக் எஸ்கியூஎல்லில் இருப்பவையும் அதில் சிக்காது, அவற்றைத் தனியாகத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

அதே சர்வரையே லிங்க்டு சர்வராகச் சேர்த்து, நான்கு பகுதிப் பெயரில் எழுதிய பழைய குறிமுறை சில இடங்களில் இருக்கும். அது புது இணைப்பைத் திறக்கிறது. கையொப்பத்தின் அனுமதி அங்கே போகாது. மூன்று பகுதிப் பெயருக்கு மாற்றுங்கள்.

தனிச்சாவியை வைத்துக்கொள்வதா, அழிப்பதா

‘ஆல்டர் சர்டிபிகேட் கிடங்கு_வாசிப்பு ரிமூவ் பிரைவேட் கீ’ என்று ஓட்டினால் தனிச்சாவி போய்விடும். இருக்கும் கையொப்பங்கள் தொடர்ந்து செல்லும், புதிதாக யாராலும் கையொப்பமிட முடியாது. அடுத்த வெளியீட்டில் புதுச் சான்றிதழ், புதுப் பாஸ்வேர்டு, கிடங்கில் பழைய யூசரை நீக்கிப் புதியது, அனுமதி மறுபடி. இவ்வளவையும் ஒரே ஸ்கிரிப்ட் செய்யும். பாஸ்வேர்டை ஸ்கிரிப்டே உருவாக்கி, பயன்படுத்தி, எங்கும் எழுதாமல் விட்டுவிடலாம். பாதுகாக்க ரகசியம் எதுவும் மிஞ்சாது.

இரண்டு டேட்டாபேஸும் ஒரே குழுவின் கையில் இருந்தால் இதையே பரிந்துரைப்போம். கிடங்கு வேறு குழுவின் பொறுப்பு என்றால், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அவர்களிடம் போய் நிற்பது நடக்காத காரியம். அங்கே தனிச்சாவியை வைத்திருங்கள். பாஸ்வேர்டு ரகசியக் காப்பகத்தில் இருக்கட்டும், வெளியீட்டுப் பைப்லைன் மட்டும் அதைப் படிக்கட்டும். குறிமுறைக் களஞ்சியத்தில் பாஸ்வேர்டை எழுதி வைத்தால், களஞ்சியத்தைப் படிக்க முடிந்தவரில் பொதுவில் ஆல்டர் அனுமதி உள்ள எல்லாரும் கிடங்குக்குள் நுழையலாம்.

எந்த வழியானாலும் வெளியீட்டு ஸ்கிரிப்டின் கடைசி வேலை ஒரு சோதனை: கையொப்பம் இருக்க வேண்டிய புரொசீஜர்களின் பட்டியலை சிஸ்.கிரிப்ட்_புராப்பர்ட்டீஸோடு ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் வெளியீட்டைத் தோற்கடிப்பது.

சான்றிதழ், கையொப்பம், யூசர் மூன்றும் அந்தந்த டேட்டாபேஸுக்குள்ளேயே இருப்பதால் பேக்கப்போடும் அவெய்லபிலிட்டி குரூப்போடும் (டேட்டாபேஸின் நகல்களை வேறு சர்வர்களில் வைத்திருக்கும் ஏற்பாடு) கூடவே போகும். மாஸ்டரில் எதையும் தனியாக எடுத்துவைக்க வேண்டியதில்லை. சான்றிதழ் யூசருக்குப் பின்னால் லாகின் இல்லாததால் எஸ்ஐடி பொருந்தாத சிக்கலும் கிடையாது. டிரஸ்ட்வொர்தியோ ரிஸ்டோர் செய்ததும் அணைந்துவிடும். அதை நம்பிய அமைப்புகள் பேரிடர் ஒத்திகையில்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

பழையதை எடுப்பது

புது வழி ஓடுவதைப் பார்த்த பிறகே பழைய அனுமதிகளை எடுங்கள், ஒவ்வொன்றாக. முதலில் கிடங்கில் சிஸ்.டேட்டாபேஸ்_ரோல்_மெம்பர்ஸ் பார்த்து ஊழியர்களை டிபி_டேட்டாரீடரிலிருந்து நீக்குங்கள், யூசரை இப்போதைக்கு விட்டுவையுங்கள். மாத இறுதிக் கணக்கு ஒருமுறை ஓடி முடியட்டும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ஏதோ ஒரு அறிக்கை அந்த அனுமதியில் தொங்கிக்கொண்டிருப்பது வழக்கம். அது 229 (டேபிளுக்கு அனுமதி இல்லை) என்று கத்தினால், அதையும் புரொசீஜராக்கிக் கையொப்பமிடுங்கள். பிறகு யூசரை நீக்கலாம். கெஸ்ட் திறந்திருந்தால் ‘ரிவோக் கனெக்ட் ஃப்ரம் கெஸ்ட்’. டிபி_செயினிங்கும் டிரஸ்ட்வொர்தியும் கடைசி. அவற்றை அணைக்கும் முன் அதே சர்வரின் மற்ற டேட்டாபேஸ்கள் எதுவும் அவற்றை நம்பி இருக்கின்றனவா என்று சிஸ்.டேட்டாபேஸஸில் இரண்டு பத்திகளையும் பாருங்கள். எம்எஸ்டிபி என்ற சிஸ்டம் டேட்டாபேஸில் இரண்டும் ஆன் என்றே காட்டும். அது இயல்பு, அதைத் தொட வேண்டாம்.